பத்து மீட்டர் கை

மார்ச் 4

அன்புள்ள அம்மா,

போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனி செய்யும் தூக்கி வண்டியின் வரைபடத்தில் தப்பு இருக்கிறது. அதன் பத்து மீட்டர் இரும்புக் கை, முதலில் முப்பது டிகிரி எழும். பிறகு இன்னொரு முப்பது. சைன் முப்பது அரை. அரையும் அரையும் ஒன்று என்று கூட்டி, கை நுனியில் ஆள் நிற்கும் தொட்டி பத்து மீட்டர் உயரும் என்று இன்ஜினியர் எழுதிவிட்டார். கை நெட்டுக்குத்தலாக நின்றால்தானே பத்து? கோணங்களைக் கூட்டலாம், சைன்களை அப்படிக் கூட்ட முடியாது. ஒன்றின் சைனை மற்றதன் கொசைனால் பெருக்கி, இப்படி இரண்டு பக்கமும் செய்து, பிறகுதான் கூட்ட வேண்டும். வருவது எட்டு மீட்டர் அறுபத்தாறு சென்டிமீட்டர்.

சொன்னேன். "வரையத்தானே வந்தே? எனக்கு வாத்தியாரா?" என்றார். மாதக் கடைசிக்குள் மன்னிப்புக் கடிதம் தராவிட்டால் வேலை போய்விடும்.

நீ வேலை பார்க்கும் கட்டடத்துக்கு வருவதும் இந்த வண்டிதான். எட்டவில்லையென்று தொட்டி விளிம்பில் ஏறிக் கண்ணாடி துடைக்காதே.

உன் மகள்

மார்ச் 9

என் கண்ணுக்கு,

பெரியவர்களிடம் எதற்கடி வம்பு? ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார். விளிம்பில் ஏறுவது எங்களுக்குப் புதுசா? நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா

மார்ச் 14

அம்மா,

எழுத மாட்டேன். கணக்கு போட்டவன் கீழே ஏசியில் இருப்பான். விழுவது நீ.

மகள்

மார்ச் 22

என் தங்கமே,

வண்டி வந்தது. முழுக்கத் தூக்கியும் மேல்வரிசைக் கண்ணாடி எட்டவில்லை. "விளிம்புல ஏறும்மா, என்ன புதுசா?" என்றார் மேஸ்திரி. நான் ஏறவில்லை. தொட்டியிலிருந்து, கை கிளம்பும் மட்டம் வரை கயிறு விட்டு முடிச்சுப் போட்டேன். கீழே நாலு பேர் டேப் பிடித்து அளந்தார்கள். எட்டு மீட்டர் அறுபத்தைந்து. "இவ்வளவுதான் எட்டும்னு எனக்கு முன்னாடியே தெரியும்" என்றேன்.

"எந்த இன்ஜினியரு சொன்னாரு?" என்று மேஸ்திரி கேட்டார்.

"எம் பொண்ணு" என்றேன். இரண்டு தரம் சொன்னேன், பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று. கண்ணாடி துடைக்கும் எங்கள் பதினொரு பேரில் ஒருவரும் விளிம்பில் ஏறவில்லை.

மன்னிப்பு கின்னிப்பு எழுதினால் வீட்டுப் பக்கம் வராதே. செவ்வாய்க்கிழமை நாங்கள் மூன்று பேர் உன் ஆபீசுக்கு வருகிறோம், கயிற்றோடு. அதை நீட்டிக் காட்ட எட்டே முக்கால் மீட்டர் இடம் வேண்டும். உன் இன்ஜினியரைக் கொஞ்சம் நகர்ந்து நிற்கச் சொல்.

உன் அம்மா