பலாவுக்குப் போட்ட பட்டைகள்

அன்புத் தம்பி தேவநாதா,

அக்கா எழுதுகிறேன். நீ இருந்தால் முதலில் வண்டியைத்தான் விசாரிப்பாய். என் சர்க்கரையும் முட்டிவலியும் அதற்குப் பிறகுதான். அதனால் வண்டிச் சேதியிலேயே ஆரம்பிக்கிறேன். வண்டி நன்றாக ஓடுகிறது. ஆனால் நீ போன பிறகு ஏழு மாதம் நாங்கள் அதை ஓட்டிய விதம் தெரிந்தால் திட்டுவாய். திட்டு. உன் பங்கையும் கடைசியில் சொல்கிறேன்.

இது மற்றவர்களும் படிக்கப்போகிற கடிதம். முப்பது வருஷம் அறிவியல் பாடம் நடத்தியவளுக்கு விளக்காமல் எழுத வராது, பொறுத்துக்கொள். நீ காடாம்புலியூரில் பலாப்பழ வியாபாரி. மழை பெய்தால் சேறாகிவிடும் செம்மண் தோப்புகளுக்குள் போய்ப் பழம் ஏற்றிவருவதற்காக, நான்கு சக்கரமும் இழுக்கிற வேன் ஒன்றை வாங்கினாய். பிறகு சிறுநீரகம் கெட்டது. வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ் என்று ஆனதும் சிதம்பரத்தில் என் வீட்டுக்கு வந்தாய். வண்டியும் உன்னோடு வந்தது.

ஆஸ்பத்திரியில் உனக்குப் பக்கத்துக் கட்டில் அஞ்சலை. கிள்ளையைத் தாண்டி, இறால் குட்டைகளுக்கு நடுவே போகும் மண்பாதையில் கடைசி வீடு அவளுடையது. மழை பெய்தால் எந்த ஆட்டோவும் அங்கே போகாது. அன்றைக்கு அவளுக்கு வைத்தியம் கிடையாது. "நம்ம வண்டி வரும், நீ கெளம்பி மட்டும் இரு" என்றாய். அப்படி ஒருத்திக்காகப் போன வண்டியில் கொஞ்ச நாளில் ஐந்து பேர் ஏறினார்கள். செவ்வாயும் வெள்ளியும் ஆட்கள். சீசன் வந்தால் மற்ற நாட்களில் பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் பழம்.

நீ போன ஆனி மாதத்திலும் அது நிற்கவில்லை. உன் மனைவியின் தம்பி சேகர் ஓட்டினான். காரியம் முடிந்த மறுநாள் செவ்வாய்க்கிழமை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றான். "போவட்டுமா அக்கா?" என்றான். "அவுங்க கெளம்பி இருப்பாங்கடா" என்றேன். போய்விட்டான். எனக்கு அன்றைக்கு அழக்கூட நேரமில்லை, ஐந்து பேருக்கும் நான்தான் டிபன் கட்டிக் கொடுத்தேன்.

தை பிறந்த வாரத்தில் ஒரு செவ்வாய், நான்கு பேரோடு வந்தான்.

"அஞ்சலை எங்கடா?"

"வரலையாம் அக்கா. ஒடம்பு சரியில்லையாம்."

"ஒடம்பு சரியில்லாததுக்குத்தானடா வரச் சொல்றோம்?"

வெள்ளிக்கிழமையும் அவள் வரவில்லை. இரண்டு முறை தொடர்ந்து தவறினால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சனிக்கிழமை காலையில் சேகரை வண்டி எடுக்கச் சொல்லி நானே போனேன். முகமெல்லாம் வீங்கி, படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னா டீச்சரம்மா, அவ்ளோ தூரம் நீங்களே வந்துட்டீங்க. நான் ஒண்ணும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடலியே" என்றாள். அந்த நிலையிலும் அவள் வாய் குறையவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் பேசி அன்றைக்கே நேரம் வாங்கினேன். எப்போதும் முன்சீட்டில் உட்காருகிற நான் அன்றைக்கு அவளைப் பிடித்துக்கொள்வதற்காகப் பின்னால் உட்கார்ந்தேன். தேவநாதா, இத்தனை வருஷத்தில் உன் வண்டியின் பின்சீட்டில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. குட்டைப் பாதையின் முதல் பள்ளத்திலேயே தலை கூரையில் இடித்தது. இரண்டாவது பள்ளத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். முறத்தில் போட்ட உளுந்து மாதிரி புடைத்து எடுத்தது. முன்னால் சேகர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"தெனமும் இப்படித்தானா?" என்று கேட்டேன்.

"போவும்போது பரவால்ல. வரும்போதுதான் உசுரு போவுது. ஒடம்புல ஒண்ணும் இருக்காதே. தூக்கித் தூக்கிப் போட்டா வாந்தி வருது. ஊசி குத்துன எடத்துல மறுபடியும் ரத்தம் வந்து, பொடவையெல்லாம் நனைஞ்சிருச்சு ஒரு நாளு."

"ஏன் இத்தனை நாளா சொல்லல?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. "செத்த மனுசன் வண்டி. சும்மா ஏத்திக்கினு போறாரு. அதுல குந்திக்கினு அதையே கொறை சொல்றதா? அதான் நின்னுட்டேன். இன்னிக்கி நீங்க வந்ததால வரேன். செவ்வாக்கெழமைக்கு என்னைக் கூப்புடாதீங்க."

குறை சொல்வதைவிடச் செத்துப்போவது மரியாதை என்று அவள் நினைத்திருக்கிறாள். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? நம் ஊர்ப் பக்கத்தில் இப்படிப்பட்ட மரியாதையை நீயும் பார்த்திருப்பாய்.

சேகரிடம் சொன்னேன். அவன் உடனே ஒரு வழி சொன்னான். "ரோடு மோசம் அக்கா. மலைல ஓட்டுற ஜீப்புக்குப் போடுற சாக்கப்சர் இருக்குது, அதைப் போட்டுருவோம். அப்புறம் வண்டி அசையாது." நானும் தலையாட்டினேன். பாதை முரடு என்றால் வண்டியும் முரடாக வேண்டும் என்று, கற்றவளான எனக்கும் தோன்றியதே. திங்கட்கிழமை அந்த அதிர்வுதாங்கியை மாட்டினான். அஞ்சலையை நான் கெஞ்சிக் கூப்பிட்டு, செவ்வாய்க்கிழமையும் அவளோடு பின்னால் உட்கார்ந்தேன். வண்டி அசையவில்லைதான். அதற்குப் பதில் நாங்கள் அசைந்தோம். பள்ளத்தில் விழுந்த அடி முழுவதும் நேராக முதுகெலும்புக்கு வந்தது. இறங்கும்போது அவள் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக் கும்பிட்டாள். இனி வரமாட்டேன் என்று அதற்கு அர்த்தம்.

மறுநாள் வண்டியைக் கடலூர் முதுநகருக்கு விடச் சொன்னேன். அங்கே அந்தோணி என்று ஒருவர், வண்டிகளின் அடிப்பக்க வேலை மட்டுமே பார்ப்பவர். டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனவர் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. குரல் மட்டும் வந்தது.

"டீச்சர், இதுல எத்தினி டன்னு ஏத்துறீங்க?"

"அஞ்சு நோயாளிங்க."

"ஆளுக்கு ஒரு டன்னு இருப்பாங்களா?"

வெளியே வந்து கையைத் துடைத்தார். பின் அச்சைத் தாங்குகிற வில் போன்ற இரும்புப் பட்டைகள் ஒரு பக்கத்துக்கு ஏழுதான் இருக்க வேண்டுமாம். இங்கே ஒன்பது இருந்தன. "அந்த ரெண்டும் லாரிப் பட்டை. இது மேல ஆள ஏத்துனா வில்லு வளையாது, ஆளுதான் வளையணும். அதுக்கு மேல இந்தச் சாக்கப்சரையும் யாரோ புண்ணியவான் போட்டுவெச்சிருக்கான்."

சேகர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு வகுப்பறையில் நின்ற பழக்கம். எந்தப் பிள்ளைக்கு விடை தெரியும் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

"என்னடா?"

"சீசன் பட்டை அக்கா. வருஷா வருஷம் சித்திரையில போடுவோம், பலா லோடு தாங்கறதுக்கு. எங்கூர்ல எல்லா வண்டிக்கும் போடுவாங்க. ஆடி பொறந்ததும் கழட்டிருவோம்."

"இந்த ஆடிக்கு மறந்துட்டியா?"

"மறக்கல."

மீதியையும் சொன்னான். "போன சித்திரையில நான்தான் போடுறேன்னு சொன்னேன். மாமா கேக்கல. டயாலிசிஸ் முடிஞ்சு வந்த சாயங்காலம், மூச்சு வாங்கிக்கினு, அடியில படுத்து அவரே நட்டு முறுக்குனாரு. அதான் அவரு கடைசியா செஞ்ச வேலை. ஆடியில ஸ்பேனரு எடுத்துக்கினு போய்ப் படுத்தேன் அக்கா. கை வரல."

என்னால் அவனைத் திட்ட முடியவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

"உன் மாமா இருந்தா ஆடியிலயே கழட்டியிருப்பான்ல?" என்றேன். "தையில கழட்டுறோம். ஆறு மாசம் லேட்டு. அந்தோணி, ஆரம்பிங்க."

அந்தோணி கை நீட்டித் தடுத்தார். "ரெண்டைக் கழட்டிட்டா மட்டும் ஆவாது டீச்சர். மீதி ஏழும் தேஞ்சு படுத்துக் கெடக்குது. பின்பக்கம் தாழ்ந்துரும். உங்க குட்டை ரோட்டுல அச்சு போய்த் தட்டும். வண்டி ஒசரமாவும் நிக்கணும், மெத்தையாவும் இருக்கணும். வேற பட்டைதான் கட்டணும். மெல்லிசா, நீளமா, நல்லா வளைவு வெச்சு."

மெல்லிசாக இருந்தால் தாங்குமா என்று சேகருக்குச் சந்தேகம். அவனுக்கு நான் சொன்ன உதாரணத்தை உனக்கும் சொல்கிறேன். பரீட்சைக்குக் கொண்டுபோகிற அட்டையை வளைத்துப் பார், வளையாது. அதே கனத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வளைத்துப் பார், சுகமாக வளையும். ஏன்? ஒவ்வொரு தாளும் பக்கத்துத் தாள்மேல் வழுக்கிக்கொண்டு தன் பங்குக்குக் கொஞ்சம் வளைகிறது. தாங்குவதும் வளைவதும் எதிரிகள் இல்லை. சரி, வளைந்த வில் நிமிர்ந்தால் குதிக்காதா? குதிக்கும். ஆடுகிற ஊஞ்சலை ஒருவர் கை வைத்து மெதுவாக நிறுத்துவார் இல்லையா, அந்தக் கைதான் ஷாக் அப்சார்பர். நாங்கள் மாட்டியிருந்தது ஊஞ்சலை ஆடவே விடாமல் இறுக்கிப் பிடிக்கிற கை. அதையும் மாற்றச் சொன்னார் அந்தோணி. பட்டை கோத்திருக்கிற ரப்பர் புஷ்கள் கல்லாகியிருந்தன, அவற்றையும் மாற்றச் சொன்னார்.

"ஏத்துற எடை எவ்ளோன்னு தெரிஞ்சாத்தான் பட்டை கட்ட முடியும். குத்துமதிப்பா சொல்லுங்க" என்றார்.

குத்துமதிப்பு எதற்கு? டயாலிசிஸ் ஆட்களுக்கு ஒவ்வொரு தடவையும் முன்னும் பின்னும் எடை பார்க்கிறார்களே. ஐந்து பேருடைய எடையும் என் பையில் இருந்த நோட்டில் இருந்தது. வாசித்தேன். "இது போகும்போது. வரும்போது ஆளுக்கு ரெண்டு மூணு கிலோ குறையும்" என்றேன். அந்தோணி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "எத்தினியோ லோடு பாத்துட்டேன். வழியில எளைக்கிற லோடை இப்பதான் பாக்குறேன்" என்றார். பிறகு சிரிக்காமல், "அப்போ வரும்போது இருக்கிற எடைக்குக் கட்டுறேன். அப்பதானே அவுங்களுக்கு நோவு" என்றார். இருபது பாடப்புத்தகம் படித்தாலும் எனக்கு அது தோன்றியிருக்காது.

வியாழன் முழுவதும் வேலை. நீ மாட்டிய சீசன் பட்டைகளைப் பழைய இரும்பில் போடச் சொல்லிவிட்டேன். சேகர் வீட்டுக்கு எடுத்துப்போகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். திரும்பி வருகிற வழியெல்லாம் அவன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு ஓட்டினான். நீயும் கோபித்துக்கொள்ளாதே. உன்னை நினைத்துக்கொள்ள எனக்கு இரும்பு தேவைப்படவில்லை.

உன் பங்கைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? அஞ்சலையிடம் பிறகு கேட்டேன், முன்பும் இப்படி இருந்ததுண்டா என்று. "வருஷத்துல மூணு மாசம் இருக்கும். மூணு மாசந்தானேன்னு பல்லைக் கடிச்சுக்குவேன்" என்றாள். முன்சீட்டில் உட்கார்ந்திருந்த உனக்கு இது தெரியாதா? தெரிந்தும், பலா சீசன்தானே, பொறுத்துக்கொள்ளட்டும் என்று விட்டாயா? நீ நல்லவன். அதனால்தான் கேட்கிறேன். கேட்டு விட்டுவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை நான் அவள் வீட்டு வாசலில் நின்றேன். "கும்பிட்டு அனுப்பிச்சேனே, அது புரியலியா?" என்றாள்.

"புரிஞ்சுது. ஒரு தடவை ஏறிப் பாரு. புடிக்கலன்னா நான் இனிமே இந்தப் பக்கம் வரல."

"டீச்சருங்களுக்கு வாயி ஜாஸ்தி" என்று சொல்லிக்கொண்டே ஏறினாள்.

போகும்போது கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டே வந்தாள். டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது பிடிக்கத் தெம்பில்லை, என் தோளில் சாய்ந்துகொண்டாள். குட்டைப் பாதையில் வண்டி இறங்கியது. சேகர் கண்ணாடியில் எங்களையே பார்த்துக்கொண்டு ஓட்டினான். பள்ளம் வந்தது. வண்டி அதற்குள் இறங்கி, மெல்ல ஏறி, ஒரு தடவை அசைந்து, அடங்கியது. அடுத்த பள்ளமும் அப்படியே. அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். குனிந்து பார்த்தால், தூங்கிக்கொண்டிருந்தாள். ஊசி குத்திய கையில் கட்டிய துணி வெள்ளையாகவே இருந்தது.

வீட்டு வாசலில் வண்டி நின்று வெகுநேரம் கழித்துத்தான் கண் விழித்தாள். "வூடு வந்துருச்சா?" என்றாள். மெதுவாக இறங்கி நான்கு எட்டு நடந்தவள் திரும்பினாள்.

"சேகரு, செவ்வாக்கெழம எத்தினி மணிக்கு வருவே?"

இப்போது பங்குனி. தோப்பிலிருந்து ஆட்கள் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். சேகர் தயங்கித் தயங்கி வந்து சீசனைப் பற்றிக் கேட்டான். பழத்துக்கு வாடகை வண்டி பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். இந்த வண்டியில் இனி ஒரு பலாப்பழமும் ஏறாது. சித்திரை வந்தாலும் ஒரு பட்டையும் கூடாது. நான் நடமாடுகிற வரை மாதத்துக்கு ஒரு முறை பின்சீட்டில் உட்கார்ந்து கிள்ளை வரை போய்வருவேன். எனக்கு வலித்தால் அன்றைக்கே முதுநகர். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உன் வண்டியில் இனிப் பின்சீட்டில் வருகிற,
உன் கூடப்பிறந்த அக்கா,
சிவகாமி
சிதம்பரம்