பிலோமி வீட்டு மட்டம்

1974 மே 6, திங்கள்

வெயில். காற்று இல்லை. பள்ளிக்கூடம் லீவு, எனக்கில்லை. முற்றத்துக் குழாய் இன்றும் 'ஸ்ஸ்' என்று மூச்சு விட்டதோடு சரி. ஒரு சொட்டு கிடையாது.

அடுத்த வீட்டுப் பிலோமிக்கு மட்டும் எப்படி வருகிறது? ஒரே தெரு, ஒரே மெயின் லைன். அவள் வீட்டுக்காரர் கொழும்புத் தோணியில் போகிறவர், நகராட்சியில் ஆள் பிடிக்கிற சாமர்த்தியம் எல்லாம் கிடையாது. மண்டையைக் குடைகிறது.

வழக்கம்போல மதில்மேல் வெறுங்குடம் வைத்தேன், நிறைத்துத் தந்தாள். மூச்சு வாங்கினாள். "நானே உள்ள வந்து பிடிச்சுக்கிடுதேன் பிலோமி" என்றால், "வேண்டாம் டீச்சர், சேவல் கொத்தும்" என்கிறாள். தங்கமான மனுஷி.

மகள் ஜெயா அடுத்த வாரம் தலைப்பிரசவத்துக்கு வருகிறாள். அதற்குள் வீட்டில் தண்ணீர் வந்தாக வேண்டும். பிள்ளை பெற்ற வீட்டுக்கு எவ்வளவு தண்ணீர் செலவாகும்! அத்தனையும் பிலோமியிடம் வாங்க முடியுமா? கிணற்றுத் தண்ணீர் ஒரே உப்பு. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது.

நாளை: பிளம்பர் விசாரிக்க. சுக்கு, கருப்பட்டி. பழைய வேட்டி கிழித்து வைக்க.

மே 7, செவ்வாய்

லைசென்ஸ் பிளம்பர் வந்தார். பாண்ட், சட்டைப் பையில் பேனா. குழாயைத் தொடவில்லை, பார்வை மட்டும். "ரோட்ல இருந்தே புது லைன் இழுக்கணும் மேடம்." சொன்ன தொகைக்குப் பேரப்பிள்ளைக்கு அரைஞாணே செய்துவிடலாம். "தண்ணி வரும்னு உறுதியா?" என்றேன். "லைன் புதுசா இருக்கும்" என்றார். நேர்மையான மனிதர். அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஹார்பரிலிருந்து தெரிந்த ஃபிட்டர் ஒருவரைக் கூட்டி வந்தார். கூலி வேண்டாமாம், காப்பி போதுமாம். கப்பலுக்குப் போடுகிற ஸ்பானர். ஒரு திருகு. குழாய் வளைவில் இருந்த எல்போ கையோடு வந்துவிட்டது. இருந்த 'ஸ்ஸ்' சத்தமும் போச்சு. இவர் என் முகத்தைப் பார்க்காமல் பேப்பரை விரித்துக்கொண்டார்.

உடைந்த துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். உள்ளே துரு அடைத்து, பென்சில் நுழையும் அளவு ஓட்டை. ஆனாலும் ஓட்டை இருக்கிறதே. அப்படியானால் தண்ணீர் எங்கே போய் நிற்கிறது?

மே 9, வியாழன்

மீன்காரி சொன்ன ஆள் வந்தார். சுடலை அண்ணாச்சி, மாப்பிள்ளையூரணி ஊர்க்காரர். சைக்கிள் கம்பியில் பைப்பு கட்டி. வாய் ஓயாது, கையும் ஓயாது. கூலி நியாயமாகவே கேட்டார். துருப்பிடித்த துண்டை மாற்றினார். அப்போதும் வரவில்லை.

"வராது டீச்சரம்மா. தெருவுல எல்லாரும் குழாயக் கீழ எறக்கியாச்சு. நீங்க மட்டும் நெஞ்சு உசரத்துல வச்சிருந்தா எப்படி ஏறி வரும்? குழி தோண்டி அதுக்குள்ள குழாய வச்சிரலாம். இறங்க படியும் கட்டித் தாரேன்."

அப்படியா சங்கதி! வேலை கொடுக்குமுன் நாலு இடம் விசாரிப்பது என் குணம். யார் யார் வீட்டில் செய்தீர்கள் என்று கேட்டேன். பேங்க்காரர் வீடு, மாவு மில் வீடு. "இந்தா, பக்கத்துல தோணிக்காரர் வீடு. மாசியிலதான் போட்டேன். இடுப்பளவு."

எங்கள் குழாய் நின்றதும் மாசியில்தான்.

அவர் போனதும் துவைகல்லில் ஏறி மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். இந்த வயதில். ஓலைத் தட்டி மறைப்பு. அதற்குள் தரைக்குள்ளிருந்து முதலில் ஒரு குடம் வந்தது, பிறகு பிலோமி தலை. மூச்சு வாங்கியது இதற்குத்தான். சேவல் பக்கத்திலேயே சாதுவாக மேய்கிறது.

முதலில் சிரிப்பு. அப்புறம் நல்ல கோபம். என் தண்ணீரைப் பிடித்து எனக்கே தானம்! நானும் வாய் நிறைய ஸ்தோத்திரம் சொல்லி வாங்கியிருக்கிறேன். அரிசி களையும்போது இன்னொன்றும் தோன்றியது. அவளுக்கும் மாவு மில்காரர் இறக்கியதில் நின்றிருக்கும். எனக்குத் தராமலே இருந்திருக்கலாம், தினமும் படி ஏறித் தந்தாள். கேட்பதா, விடுவதா? கேட்டால் பேச்சு நின்றுபோகும். பத்து வருஷத்துப் பழக்கம்.

மே 10, வெள்ளி

மேகம், ஆனால் மழை இல்லை. அண்ணாச்சி தோண்டுகிறார். நான் படியில் உட்கார்ந்து கேள்வி.

"எவ்வளவு ஆழம்?"

"பக்கத்து வீட்டுக்கு ஒரு சாண் கீழ போட்டா ஜோரா வரும்."

"அப்ப அங்க?"

"நிக்கும்."

"பிறகு?"

"என்னயக் கூப்பிடுவாக. அவுகளுக்கு எறக்குவேன். பிறகு நீங்க கூப்பிடுவீக."

"எங்க போயி முடியும் அண்ணாச்சி?"

"உப்புத் தண்ணி ஊறுத மட்டும் போகலாம்" என்றார். கொஞ்சமும் சிரிக்கவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஒரு சாண் இறக்கு. பிள்ளை வாரா" என்றார். ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பிலோமி வெறுங்குடத்தை நம் மதிலில் வைப்பாளா? வைக்க மாட்டாள். ரோஷக்காரி.

"பக்கத்து வீட்டுக்குச் சரிமட்டமா வச்சிருங்க" என்றேன். அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். சரிமட்டம் என்றால் டியூப் போட வேண்டுமாம். கொத்தனார் மட்டம் பார்க்கிற, தண்ணீர் நிரப்பிய டியூப். ஒரு முனை இங்கே, ஒரு முனை பிலோமியின் குழாயில். "அங்கன குழிக்குள்ள இறங்கி யாராச்சும் பிடிக்கணும்லா?"

யார் பிடிப்பது? வேறு யார்.

மே 11, சனி

காலையில் டியூப் முனையை மதிலுக்கு மேலே நீட்டினேன். "பிலோமி, இதக் கொஞ்சம் உன் குழாய் வாயில பிடியேன். அண்ணாச்சி மட்டம் பாக்காக."

முனையை அவள் வாங்கவில்லை. போச்சு என்று நினைத்தேன். பிறகு டியூப் மெல்ல இழுபட்டது. தட்டி விலகும் சத்தம். குரல் தரைக்குக் கீழிருந்து வந்தது.

"எப்பத்துல இருந்து தெரியும் டீச்சர்?"

"முந்தாநேத்து."

"மாதாவே. திட்டுங்க டீச்சர்."

"திட்டுதேன். முதல்ல ஆடாம பிடி."

டியூப்பில் தண்ணீர் ஏறி இறங்கி, கடைசியில் நின்றது. அண்ணாச்சி கரியால் கோடு போட்டார். குழிக்குள் நின்று பார்த்தால் கோடு என் தொடை உயரம். அதற்குப் பிறகு திட்ட ஒன்றும் மிச்சமில்லை. எனக்கு அழுகை வந்தது, அவளுக்கும் வந்திருக்கும். மதில் இருந்தது நல்லதாயிற்று.

மே 12, ஞாயிறு

கோயிலுக்குப் போகுமுன், அண்ணாச்சி குழாய் வைத்த குழிக்குள் இறங்கினேன். தண்ணீர் வந்துவிட்டது! சுண்டுவிரல் கனம். மதிலுக்கு அந்தப் பக்கமும் குடத்தில் விழுகிற சத்தம். இது ஜெயாவுக்குப் போதுமா? சோதித்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"பிலோமி, உன் குழாயக் கொஞ்சம் மூடு பாப்போம்."

மூடினாள். என் குழாயில் தண்ணீர் கட்டைவிரல் கனத்துக்குப் பொங்கி வந்தது. எனக்குச் சின்னப்பிள்ளை மாதிரி சந்தோஷம்.

"பாத்துட்டேன், போதும். திற."

திறக்கவில்லை.

"ஏளா பிலோமி, திற."

"மொதல்ல உங்க குடம் நெறையட்டும் டீச்சர்."