ஜெனரலும் பின்கதவும்

செவ்வாய், குவேக்கர்ஸ் ஹில்

இனி எந்த இராணுவத்தினருக்கும் கார்க் கதவு திறந்துவிடுவதில்லை என்று இன்று தீர்மானித்தேன். தீர்மானம் உடனடியாக அமலுக்கு வந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் வங்கதேசத்தில் மேஜர் ஜெனரலாக இருந்தவர். காலமெல்லாம் சிப்பாய்கள் திறந்த கதவால் இறங்கியவர். ஆட்சி கவிழ்ந்தது, பதவி பறிபோனது, இப்போது இந்த நாட்டில் மகள் வீட்டில் இருக்கிறார். காவலாளி வேலைக்கான நேர்முகத்துக்கு இன்று என் காரில் கூட்டிப்போனேன். மகள் அவரைப் பின்னால் ஏற்றிவிட்டாள். இடம் வந்தும் ஆள் இறங்கவில்லை.

"கதவைத் திறவுங்கள்," என்றார் ஆங்கிலத்தில்.

"இங்கே அவரவர் கதவை அவரவர்தான் திறக்க வேண்டும், ஜெனரல்."

யுத்த காலத்தில் ஊரில் சோதனைச் சாவடிதோறும் இராணுவத்துக்கு நான் திறந்த கதவுகள் போதும். அவர் மறுபடி கேட்கவில்லை. நானும் அசையவில்லை. நெடுநேரம் கழித்து, வாசலில் நின்ற காவலாளி வந்து திறந்துவிட்டான். ஜெனரல் அவனுக்குத் தலையசைத்துவிட்டு இறங்கினார். வெற்றி எனக்கே என்று வீடு திரும்பி மனைவிக்கு நடந்ததைச் சொன்னேன்.

"காரின்ரை பின்கதவிலை பிள்ளைக்குப் போட்ட லொக்கை எடுத்துவிட்டனீங்களே?" என்று மனைவி கேட்டாள். "உள்ளுக்கிருந்து திறக்கேலாதெல்லோ."

"இல்லை," என்றேன்.

தீர்மானத்தில் மாற்றமில்லை.

பிந்திப் போனதால் ஜெனரலை நேர்முகத்துக்கு எடுக்கவில்லை என்று அவருடைய மகள் சொன்னாள்.