என் பெயரில் அவள் சுட்டது

மார்ச் 4
இன்று ராணுவ மனநல டாக்டர் மருந்துச் சீட்டில் வீடியோ கேம் எழுதிக் கொடுத்தார். தினமும் நாற்பது நிமிடம், சாப்பாட்டுக்குப் பின். அசல் போர் போலவே இருக்குமாம். ஆட ஆட பயம் தெளியுமாம். புள்ளிகள் தானாகவே ஆஸ்பத்திரிக்குப் போய்விடும்.
"அசல் போர்லதானே டாக்டர் எனக்கு இப்படி ஆச்சு?"
"இதுல யாரும் சாக மாட்டாங்க" என்றார்.

மார்ச் 5
போட்டேன். முதல் குண்டு வெடித்தபோது சோபாவுக்குப் பின்னால் கிடந்தேன். எப்படிப் போனேன்?

மார்ச் 9
ஐந்து நாளும் பூஜ்யம். ஆஸ்பத்திரியிலிருந்து போன்: சிகிச்சைக்கு ஒத்துழைக்காவிட்டால் விடுப்பு ரத்து. மனைவி கன்ட்ரோலரைப் பிடுங்கிக்கொண்டாள். "தள்ளுங்க, நான் பாத்துக்கறேன்."
அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். கரப்பான்பூச்சியைக்கூடக் காகிதத்தில் ஏந்தி வெளியே விடுவாள். முதல் ஆட்டத்திலேயே பதினோரு பேர் காலி.
"ஒளிஞ்சிருக்கறவன் உனக்கு மட்டும் எப்படிடி தெரியறான்?"
"எழுத்துப்பிழை மாதிரிதாங்க. கண்ணுல உறுத்துது."

மார்ச் 15
டாக்டருக்கு ஏக சந்தோஷம். நான் அபாரமாகத் தேறி வருகிறேனாம். நன்றி சொன்னேன். வேறென்ன சொல்ல?

மார்ச் 19
கடைத்தெருவில் யாரோ ஷட்டரை இழுத்துவிட்டார்கள். நான் தரையில் படுத்துவிட்டேன் — வழக்கம்தான். திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் இவளும் குப்புறக் கிடக்கிறாள்.
"நீ ஏன்டி படுத்தே?"
"தெரியலைங்களே..."
காய்கறிக்காரர் ஓடிவந்து, "என்னங்க தொலைஞ்சுது?" என்று எங்களோடு சேர்ந்து தரையில் தேட ஆரம்பித்தார். பாவம், பத்து நிமிடம் தேடினார்.

மார்ச் 22
கடிதம் வந்துவிட்டது. பூரண குணமாம். ஒன்றாம் தேதி போர்முனைக்குத் திரும்ப வேண்டும்.
நான் எங்கய்யா குணமானேன்? கதவு சாத்தினாலே எனக்கு மூச்சு நின்னு போகுது. இவளுக்கும் இப்போ கை நடுங்குது. இதுக்குப் பேர் குணமா?

மார்ச் 25
மருத்துவக் குழு முன்னால் போய் நின்றோம். "ஐயா, ஆடினது நான்தான்" என்றாள் இவள். கர்னல் நம்பவில்லை. அங்கேயே திரையை வைத்து ஆடச் சொன்னார். இருபத்து மூன்று பேர். கர்னல் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார். "பின்னாடி பாரும்மா, பின்னாடி!"
முடிந்ததும் இவள் வயதைக் கேட்டார். முப்பத்தெட்டு என்றதும் உண்மையாகவே வருந்தினார்.
என் உத்தரவு ரத்து. ஆறு மாதம் விடுப்பு நீட்டிப்பு. கிளம்பும்போது டாக்டர் இவள் கையைக் கவனித்துவிட்டார். நடுக்கத்துக்குச் சீட்டு எழுதினார். அதே கேம்.

மார்ச் 26
காலையில் அச்சகத்துக்குக் கிளம்பியவள் செருப்பு மாட்டாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.
"நேத்து ஆடறப்போ ஒருத்தன் ரெண்டு கையையும் தூக்கினாங்க. சுடாதேன்னுதான் தூக்கியிருப்பான். நான் யோசிக்கறதுக்குள்ள விரல் அழுத்திருச்சு. பொம்மைதான். ஆனா..."
செருப்பைத் தள்ளி வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு அப்படி யாராவது...?"
போர்முனையிலிருந்து வந்த இந்த ஏழு மாதத்தில் யாருமே கேட்கவில்லை. டாக்டர்கூட. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அங்கே அது நடந்த பாலத்திலிருந்து ஆரம்பித்தேன்.
பாதியில் அச்சகத்திலிருந்து போன் வந்தது. "இன்னிக்கு வர முடியாது சார்" என்றாள். ஏன் என்று கேட்டிருப்பார்கள் போல.
"வீட்டுக்காரர் பேசிட்டிருக்கார்."