கடைசியாகத் தெரிந்துகொண்டவள்

என்னங்க,

இன்று என் முதலாவது கீமோவுக்கு என்னைப் படுக்க வைத்துவிட்டு நீங்கள் டீ குடிக்கப் போனீர்கள் அல்லவா? அப்போது ஊசி போட்ட நர்ஸ் ஆறுதலாகச் சொன்னாள்: "குடல்ல இருந்து ஈரலுக்கும் பரவிடுச்சுல்லம்மா, அதான் மருந்து கொஞ்சம் கடுமையா இருக்கும்."

தெரிந்தவள் போலத் தலையாட்டினேன்.

ஆபரேஷன் முடிந்ததும், "எல்லாத்தையும் எடுத்தாச்சு, கீமோ சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தான்" என்று சிரித்தீர்களே! நம் மகளுக்கும் தெரிந்திருக்கிறது. அதனால்தான் அவள் போனில் என்னோடு சண்டையே போடுவதில்லை. நான் ஒருத்திதான் பைத்தியக்காரி மாதிரி, என் தையல் கடைக்குப் பெரிய இடம் தேடி அலைந்தேன். நீங்களும் கூடவே வந்து, மெஷின் உள்ளே நுழையுமா என்று வாசலை அளந்து பார்த்தீர்கள். எப்படிங்க மனசு வந்தது?

நோய் என்று தெரிந்தபோதுகூட நான் இப்படி அழவில்லை.

திரும்பி வந்து, "ஏன் முகம் வாடியிருக்கு?" என்று கேட்டீர்கள். "குமட்டுது" என்றேன். பொய்.

அடுத்த முறை டாக்டர் அறைக்குள் நான் தனியாகப் போகிறேன். நீங்கள் வெளியே உட்காருங்கள். அவர் சொல்வதில் உங்களுக்கு எதைச் சொல்லலாம் என்று நான் யோசித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இந்த உடம்புக்குச் சொந்தக்காரி