வாளி கட்டில்மேலேயே இருக்கட்டும்

எஜமானியம்மா,

உன்னை எழுப்பவில்லை. தூக்கத்திலும் உன் முகத்தில் நேற்றைய சண்டை அப்படியே இருந்தது. சாப்பாடு மேசையில் மூடி வைத்திருக்கிறேன்.

பதினோரு மணிக்கு வீட்டு ஓனர் கூரை ஒழுகுவதைப் பார்க்க வருகிறார். தயவுசெய்து வீட்டைச் சுத்தம் செய்துவிடாதே. போன தடவை, வருகிறவர் என்ன நினைப்பாரோ என்று வாளியை ஒளித்து, சுவரின் ஈரக்கறையைக் காலண்டரால் மறைத்து வைத்தோம். மனிதர், "சொந்த வீடு மாதிரி வச்சிருக்கீங்களே!" என்று மெச்சிவிட்டுப் போய்விட்டார். பாப்பா இன்னும் ஈர மெத்தையில் படுத்து இருமுகிறாள்.

ஒப்பந்தத்தில் 'கூரைப் பழுது உரிமையாளர் பொறுப்பு' என்ற வரிக்குச் சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன். அதை அவர் மூக்குக்கு நேரே நீட்டு.

"அவர் முன்னாடி உங்களுக்கு நிமிர்ந்து நிக்கக்கூட வராது" என்று நேற்று சொன்னாயே, உண்மைதான். நான் இருந்தால், "அவசரமே இல்ல சார், மெதுவா பாருங்க" என்று வாசல்வரை போய் வழியனுப்பிவிடுவேன். நீதான் பேச வேண்டும்.

பி.கு.: இன்றைக்கு எனக்கு லீவு. தெருமுனை சலூனில் உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னொன்று: பழுது பார்க்கும் தேதியை அவர் எழுதிக் கொடுத்ததும் போன் செய். அதற்கு முன்னால் மனசு கேட்காமல் நான் வந்து கதவைத் தட்டினாலும் திறக்காதே.