கால்வாய்த் திரைக்கு முன்னால்

இன்று காலையும் நீ எடுத்த அந்தப் புகைப்படத்தை இடம் மாற்றி மாட்டினேன். சன்னல் பக்கம் ஈரம் ஏறுகிறது. கதவுப் பக்கமென்றால் போகும்போதும் வரும்போதும் கண்ணில் படுகிறது. நீ இறந்துவிட்டாய் என்று நீலகிரியிலிருந்து செய்தி வந்தது முதல் அது ஓரிடத்தில் நிற்பதில்லை.

ஹட்டன் ஸ்டூடியோவில் படம் பிடித்தவனும் நீ, பின்திரை தீட்டியவனும் நீ. பழைய அரண்மனைத் திரை கிழிந்ததும் முதலாளி இன்னொரு அரண்மனை கேட்டார். நீயோ கடைவீதிக்குப் பின்னால் ஓடும் கால்வாயைத் தீட்டி வைத்தாய். சந்தைக்கு லீக்ஸ் கட்டுகளைக் கழுவும் பெண்கள், கம்பளியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து முறுக்கும் இருவர், பலகைப் பாலத்தில் குடையோடு தேநீர்க்கடை நானா.

"கல்யாண சோடிய சாக்கடைக்கு முன்னாடியா நிறுத்துவே?" என்று முதலாளி குதித்தார். நானா வந்து பார்த்து, "வயித்தக் கொஞ்சம் கொறச்சிருக்கலாமே தம்பி" என்றார்.

ஒருவரும் அதன்முன் நிற்கவில்லை. எனக்கு வியப்பில்லை. வீட்டுப் படம் கீறச் சொன்னால், தேயிலைத் தோட்டத்து லயத்து அறையில் பிறந்த என் மாணவர்கள் தென்னைமரத்தோடு தனி ஓட்டுவீடுதான் கீறுவார்கள். நீ முணுமுணுத்துக்கொண்டே அரண்மனையைத் தீட்டினாய்.

பிறகு, தோட்டத்துத் தமிழரை இலங்கையும் இந்தியாவும் பங்கிட்டுக்கொண்ட ஒப்பந்தம் வந்தது. இந்தியாவுக்குப் போக எழுதிக்கொடுத்தவர்கள் படமெடுக்க வந்தார்கள். மனுவில் ஒட்டும் படத்துக்குப் பின்னால் வெள்ளைத் துணி போதும். ஆனால் பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருவர், மூலையில் பாதி விரிந்து கிடந்த கால்வாயைக் கண்டு நின்றுவிட்டார்.

"அரமனைய அங்கிட்டுத் தள்ளுங்க தம்பி. எங்கேருந்து வந்தீங்கன்னு அங்க கேட்டா எதைக் காட்டுறது?"

"நானாகிட்ட கொடைய வாங்கிக்க, மழ வருது" என்றார் அவர் புருஷன், திரையைக் காட்டி. சிரித்தபடி வந்தவர்கள், கமெரா முன் அசையாமல் நின்றார்கள். அதற்குப் பிறகு எல்லோரும் கேட்டது அந்தத் திரையைத்தான்.

எனக்கு இலங்கைப் பிரசாவுரிமை கிடைத்திருந்தது. உனக்கு இல்லை. உன் அப்பா கொடுத்த மனுவில் உன் பெயரும் இருந்தது. நீ புறப்பட்ட நாளில் அந்தத் திரையைக் காட்டி, "நீ நில்லு, நான் புடிக்கிறேன்" என்றேன்.

"நான் கமெராவுக்கு இந்தப் பக்கத்து ஆளுடா. நீ நில்லு வாத்தி, நீதான இங்க இருக்கப்போறே. அசையாதே!"

ஸ்டேஷனில் ரயில் கூவியது. நான் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பிவிட்டேன்.

படத்தில் கால்வாய் தெளிவாக இருக்கிறது. நானாவின் வயிறுகூட அப்படியே இருக்கிறது. இருக்கப்போகிறவனின் முகம் மட்டும் கலங்கிக் கிடக்கிறது.

"அசையாதே" என்கிறாய். கேட்டுக்கொண்டேதான் படத்தை மறுபடியும் ஆணியிலிருந்து கழற்றுகிறேன்.